ஒரு தட்டில் இரு பதம்

தோற்றுவாய்

சமையல் என்பது அறிவின்பாற் பட்டதோ, கைராசியின்பாற் பட்டதோ என்னும் வினா, உண்பார் உள்ள இடமெல்லாம் எழுவதொன்றாம். ஒருவர் ஆக்கிய பண்டம் சுவையுடையதாயின் ‘அவர் கைராசி அப்படி’ என்கின்றோம். மற்றொருவர் ஆக்கியது கெட்டுவிடின் ‘இவருக்குக் கை கூடவில்லை’ என்கின்றோம். அவ்வளவோடு நம் ஆராய்ச்சி முடிந்துவிடுகின்றது. இங்ஙனம் கூறுவதனால் நன்கு சமைத்தவர்க்குப் புகழ் செய்துவிட்டதாகவும் எண்ணிக்கொள்கின்றோம். அவ்வெண்ணம் பிழையென்பதை, ஒரு தட்டு இனிப்பைப் பாழாக்கிய பின்னரே யாம் உணர்ந்தோம். அவ்வினிப்பின் வரலாற்றையும், எமது பிழையையும், அதனைத் திருத்திக்கொண்ட முறையையும், அம்முறைக்கு அடியாயுள்ள காரணங்களையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

அவ்வினிப்பு அமெரிக்க ஐக்கிய நாடுகளின் இல்லங்களில் இக்காலத்துப் பெருவழக்காய்ச் செய்யப்படுவது. பிரௌனி என்பதொன்று, சாக்கொலேட்டுத் துண்டுகள் பதித்த குக்கி என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒரே தட்டில் மேலுங் கீழுமாக அடுக்கிச் சுட்டெடுத்து, இருபெயரையும் பிணைத்துப் ‘புரூக்கி’ என்று வழங்குவர். கீழடுக்குக் கரிய நிறமும் ஈரமும் மென்மையும் உடையது. மேலடுக்குப் பொன்னிறமாய் ஓரத்தில் மொறுமொறுப்புடையது. ஒரே கடியில் இருவகைச் சுவையும் கிட்டுவதனால் சிறுவரும் பெரியோரும் இதனை விரும்புவர்.

இரு பண்டங்களின் வரலாறு

இரண்டனுள் மூத்தது பிரௌனி. 1893-ஆம் ஆண்டில் சிக்காகோ மாநகரில் உலகப் பொருட்காட்சியொன்று பெருஞ் சிறப்புடன் நடைபெற்றது. அதன் மகளிர் குழுவிற்குத் தலைமை தாங்கியவர் பெர்த்தா பால்மர் அம்மையார். காட்சிக்கு வரும் மகளிர் தம் சிற்றுண்டிப் பெட்டியில் வைத்துக்கொள்ளத் தக்கதாய், கேக்கினும் சிறியதாய் ஓர் இனிப்பு வேண்டுமென்று அவர் கேட்டனர் என்றும், பால்மர் ஹவுஸ் விடுதியின் சமையற்கூடத்தார் அதற்கெனச் செய்து கொடுத்ததே இப்பண்டம் என்றும் அவ்விடுதியார் இன்றுங் கூறுவர். 1896-ஆம் ஆண்டில் பாஸ்டன் சமையற்பள்ளித் தலைவியாகிய ஃபானி பார்மர் அம்மையார் வெளியிட்ட நூலில் பிரௌனி என்னும் பெயர் காணப்படுகின்றது. ஆயினும் அது சாக்கொலேட்டு இல்லாதது. சர்க்கரை ஆலையிற் கழியும் கரும்பாகினால் நிறமும் இனிமையும் பெற்ற சிறு கேக்கே அது. 1906-ஆம் ஆண்டுப் பதிப்பிலேதான் சாக்கொலேட்டுச் சேர்ந்த பிரௌனியை அவர் எழுதினார்.

இவ்வம்மையாரைப் பற்றி இன்னொன்றுங் கூறவேண்டும். ‘ஒரு கை மாவு’, ‘முட்டையளவு வெண்ணெய்’ என்றாற்போல அளவு சொல்லிவந்த காலத்தில், கிண்ணத்திலும் கரண்டியிலும் குவிக்காமல், கத்தியால் வழித்து மட்டமாக அளத்தல் வேண்டுமென்று இவர் வற்புறுத்தினார். எவர் செய்தாலும் ஒன்றுபோல் வருதல் வேண்டும் என்பதே இவர் கருத்து.

குக்கியின் வரலாறு இதனினும் சுவையுடையது. மாஸச்சூஸெட்ஸ் மாகாணத்தில் விட்மன் என்னும் ஊரில், 1930-ஆம் ஆண்டு, ரூத் வேக்பீல்டு அம்மையாரும் அவர் கணவரும் ‘டோல் ஹவுஸ்’ என்னும் விடுதியை நடத்தத் தொடங்கினர். அங்கே அம்மையார் ஆக்கியதே சாக்கொலேட்டுத் துண்டுகள் பதித்த குக்கி. அதன் செய்முறை அவரது சமையல் நூலின் 1938-ஆம் ஆண்டுப் பதிப்பில் வெளிவந்தது. மறு ஆண்டில் நெஸ்லே கம்பெனியார் அவரிடம் உரிமை பெற்றுத் தம் சாக்கொலேட்டின் மேலுறையில் அச்செய்முறையை அச்சிட்டனர். குக்கிக்கென்றே சிறு துண்டுகளாக வார்த்தும் விற்கலாயினர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் வீட்டார் தம் மைந்தர்க்கு அனுப்பிய பொதிகளில் இக்குக்கி கடல் கடந்து சென்றது. அயல் மாகாணத்துப் படைவீரரும் அதனைச் சுவைத்துத் தத்தம் வீடுகளுக்கு எழுதிக் கேட்கலாயினர். விடுதி 1984-ஆம் ஆண்டின் இறுதிநாளில் தீக்கிரையாயிற்று. குக்கியோ, 1997-ஆம் ஆண்டில் அம்மாகாணத்தின் அரசாங்கக் குக்கியாக அறிவிக்கப்பெற்றது.

இக்குக்கியைப் பற்றி ஒரு கதை வழங்குகின்றது. வேக்பீல்டு அம்மையாரிடம் ஒருநாள் வழக்கமான சாக்கொலேட்டுத் தீர்ந்துபோயிற்றாம். வேறொன்றை உடைத்துப் போட்டாராம். அது உருகி மாவெங்கும் பரவிவிடும் என்று நம்பினாராம். உருகிப் பரவாமல் துண்டு துண்டாகவே நின்றதாம். இங்ஙனம் தற்செயலாய்ப் பிறந்ததாம் இப்பண்டம். கதை இனிதாகவே உள்ளது. ஆயின் அம்மையார் யாவர்? 1924-ஆம் ஆண்டில் பிராமிங்ஹாம் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் மனையியல் பயின்று தேறியவர், உணவுக்கலை கற்பித்தவர். விருந்தினர்க்கு ஐஸ்கிரீமுடன் கொடுத்துவந்த மெல்லிய குக்கியை விடுத்துப் புதிதாக ஒன்று அளிக்கவேண்டுமென்று முயன்றே இதனை ஆக்கியதாக அவரே பிற்காலத்துக் கூறியுள்ளார். கற்றுத் தேர்ந்த ஒருவர் எண்ணிச் செய்ததை உலகம் ஏன் தற்செயல் என்று சொல்லவேண்டும்? இவ்வினாவை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்க. எமக்கும் இதிற் பங்கு உண்டென்பது பின்னர் விளங்கும்.

எமது பிழை

நிற்க. ஓராண்டின் இறுதியில், எம்மிடம் பயின்ற மாணவர் சிலரை மாலைச் சிற்றுண்டிக்கு இல்லத்திற்கு அழைத்திருந்தோம். அவர்கட்குப் புதுமையாக ஏதேனும் அளிக்கவேண்டும் என்னும் ஆவலால், மேற்கூறிய ஈரடுக்கு இனிப்பைத் தேர்ந்துகொண்டோம். எம் இல்லத்தில் அத்தையார் ஒருவர் உளர். ஐம்பது ஆண்டுகளாகப் பண்டிகைதோறும் அதிரசமும் முந்திரிக்கொத்தும் முறுக்கும் செய்து வருபவர். “நானும் கூட நிற்கட்டுமா தம்பி?” என்று அவர் கேட்டார். “இது மேல்நாட்டுப் பண்டம், அத்தை. உங்களுக்குப் பழக்கம் இராது” என்று கூறி அனுப்பிவிட்டோம். அச்சொல்லை இப்பொழுது நினைப்பினும் நாணம் உண்டாகின்றது.

செய்முறையை மும்முறை படித்தோம். மாவைக் கிண்ணத்தில் அமுக்கி அளந்தோம். சாக்கொலேட்டையும் வெண்ணெயையும் உருக்கிய சூட்டோடு கீழடுக்கைக் கூட்டித் தட்டில் ஊற்றினோம். பிசைந்த கையோடு மேல்மாவை அதன்மேல் வைத்தோம். வெந்ததோ என்னும் ஐயத்தால் ஓவனின் கதவைப் பலமுறை திறந்து பார்த்தோம். முடிவில் எடுத்தபோது ஓரம் கருகியிருந்தது. நடுவிடம் கூழாய்க் கிடந்தது. இரண்டடுக்கும் ஒன்றிலொன்று கரைந்து, இன்னதென்று சொல்லவியலாத ஒரு சேறாய் முடிந்தது. வெண்ணெயும் சாக்கொலேட்டும் மலிவான சரக்குகளல்ல, அவை வீணாயின. வந்த மாணவர்க்குக் கடையிலே வாங்கிய பிஸ்கோத்துகளையே வைத்தோம். அவர்கள் நல்லவர்கள், ஒன்றுங் கேளாமல் உண்டு சென்றனர்.

அன்றிரவு அத்தையார் அத்தட்டைக் கரண்டியாற் கிளறி, முகர்ந்து, சிறிது நாவிலிட்டுப் பார்த்தார். பின்னர், “தம்பி, அடியிலுள்ளதைச் சூட்டோடு ஊற்றினாயோ?” என்றார். “ஆம்” என்றோம். “அப்படியானால் மேல்மாவு உருகாமல் என்ன செய்யும்? அதிரசப் பாகுக்கு ஒரு பதம். கடலைமிட்டாய்ப் பாகுக்கு ஒரு பதம். பதம் வேறான இரண்டை ஒரே தட்டில் வேகவைப்பதானால், இரண்டும் ஒருசேர இறங்கும்படி முன்னாலேயே அல்லவா ஒழுங்கு செய்திருக்கவேண்டும்?” என்றார். மும்முறை படித்தும் எமக்குப் புலப்படாதது, அப்பண்டத்தை அதற்குமுன் கண்டும் கேட்டுமிராத அவருக்கு ஒருமுறை முகர்ந்த அளவிற் புலப்பட்டது. அவர் உரைத்ததையே உரைகல்லாகக் கொண்டு, காரணங்களை ஒவ்வொன்றாக ஆராயலானோம்.

வேண்டும் பொருள்கள்

ஒன்பது அங்குலச் சதுரத் தகரத்தட்டு ஒன்றுக்கு உரிய அளவு வருமாறு. மேலடுக்காகிய குக்கிக்கு: வெண்ணெய் 115 கிராம், பழுப்புச் சீனி 100 கிராம், வெள்ளைச் சீனி 50 கிராம், முட்டை 1, மைதா மாவு 160 கிராம், சமையற் சோடா அரைத் தேக்கரண்டி, உப்புக் கால் தேக்கரண்டி, வனிலா எஸென்ஸ் ஒரு தேக்கரண்டி, சாக்கொலேட்டுத் துண்டுகள் 120 கிராம். பழுப்புச் சீனி கிடையாதாயின், கட்டியில்லாமற் சலித்த நாட்டுச் சர்க்கரை பொருந்தும்.

கீழடுக்காகிய பிரௌனிக்கு: இனிப்புக் குறைந்த கரிய சாக்கொலேட்டு 85 கிராம், வெண்ணெய் 85 கிராம், சீனி 150 கிராம், முட்டை 2, மைதா மாவு 60 கிராம், கோக்கோத் தூள் 15 கிராம், உப்பு ஒரு சிட்டிகை. மாவைக் கிண்ணத்தால் அளப்பதினும் தராசில் நிறுத்தலே நன்று. அமுக்கி அளந்த ஒரு கிண்ணத்தில், தூவி அளந்ததனினும் மிகுதியான மாவு புகுந்துவிடும். அதனால் பண்டம் வறண்டு தடித்துப்போம். பார்மர் அம்மையார் கத்தியால் வழிக்கச் சொன்னது இதுபற்றியே.

செய்முறையும் காரணமும்

முதற்கண் மேலடுக்கு மாவையே பிசைந்து வைத்தல் வேண்டும். மேலே வருவதை முன்னே செய்வது முறையோ எனின், அதுவே முறை. அது குளிர்ந்து இறுகுவதற்குக் காலம் வேண்டும். உருகாது மென்மையாயுள்ள வெண்ணெயையும் இருவகைச் சீனியையும் வெளிறி இலகுவாகும்வரை குழைக்கவேண்டும். சீனிப்பரல்கள் வெண்ணெயைக் கிழித்துக்கொண்டு செல்லுங்கால் நுண்ணிய காற்றறைகள் அதனுள் உண்டாகின்றன. பின்னர் எழும் ஆவியும் வாயுவும் இவ்வறைகளிலேயே புகுந்து பண்டத்தை உயர்த்தும். அடுத்து முட்டையும் எஸென்ஸும் சேர்த்து அடித்து, உப்பும் சோடாவும் கலந்து சலித்த மாவைக் கொட்டி, மாவு மறையும் அளவிற்கு மட்டும் கிளறவேண்டும். மிகுதியாகப் பிசையின், மைதாவிலுள்ள புரதம் நீரோடு கூடிக் குளூட்டன் என்னும் இழையாகி, புரோட்டாவுக்கு வேண்டிய இழுவையைக் குக்கிக்குத் தந்துவிடும். இறுதியில் சாக்கொலேட்டுத் துண்டுகளைக் கலந்து, ஒரு மணி நேரம் குளிர்ப்பெட்டியில் வைக்கவேண்டும்.

பழுப்புச் சீனி எதற்கு? அதிற் கலந்துள்ள கரும்பாகு ஈரத்தைப் பிடித்து வைப்பது. சிறிது புளிப்புத் தன்மையும் உடையது. அப்புளிப்போடு சோடா கூடியவழிக் கரியமில வாயு எழுந்து மாவைப் பொருமச் செய்கின்றது. அன்றியும், சோடாவின் காரத்தன்மை பொன்னிறம் ஏறுவதற்கும் துணைசெய்யும்.

இனிக் கீழடுக்கு. ஒரு பாத்திரத்தில் நீரைக் கொதிக்கவைத்து, அதன்மேல் மற்றொரு பாத்திரத்தை வைத்து, அதிலே சாக்கொலேட்டையும் வெண்ணெயையும் உருக்கவேண்டும். நேரே தீயில் வைத்தால் சாக்கொலேட்டுக் கருகும். நீர்த்துளி அதனுள் விழாமலுங் காத்தல் வேண்டும். சிறு துளி பட்டாலும், சாக்கொலேட்டிலுள்ள சீனியும் கோக்கோவும் அந்நீரைப் பற்றி ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாய்விடும். உருகியதும் இறக்கி, பாத்திரத்தின் அடியில் புறங்கையை வைத்துப் பொறுக்கும் அளவு ஆறவிடுக. இதுவே அத்தையார் சுட்டிய இடம். சூடு தணியாத கலவையில் முட்டையை இட்டால் முட்டை திரிந்துபோம். தட்டில் ஊற்றினாலோ மேல்மாவின் வெண்ணெய் ஓவனுக்குள் செல்லுமுன்னரே உருகி, இரண்டடுக்கும் ஒன்றாகும்.

ஆறிய கலவையில் சீனியையும் முட்டைகளையும் சேர்த்து இரண்டு மூன்று நிமிஷம் நன்றாக அடிக்கவேண்டும். பின்னர் மாவையும் கோக்கோவையும் உப்பையும் சலித்திட்டு மெல்லக் கலக்கவேண்டும். இதற்குச் சோடா வேண்டுவதில்லை. மாவு குறைவு, நெய்ப்பொருள் மிகுதி. ஆதலின் இது கேக்கைப்போல் எழும்பாமல், கனத்து ஈரமாய் நிற்பதே இதன் இலக்கணம்.

ஓவனை 175 பாகை சென்டிகிரேடு வெப்பத்திற்கு முன்னரே காயவிடுக. தட்டில் வெண்ணெய்க் காகிதத்தை ஓரத்திற்குமேல் நீண்டு நிற்கும்படி விரித்து, கீழடுக்கை ஊற்றிச் சமமாகப் பரப்புக. குளிர்ந்த மேல்மாவைச் சிறு சிறு உருண்டைகளாக எடுத்து, உள்ளங்கையில் வடைபோல் தட்டி, ஓடு வேய்வதுபோல் வரிசையாக வைத்துக்கொண்டு செல்க. இடையிடையே கரிய அடுக்குச் சிறிது தெரியின் குற்றமில்லை. வேகுங்கால் மேல்மாவு தானே பரவி நிரப்பும். அமுக்குதல் மட்டும் கூடாது.

பிரௌனி கீழும் குக்கி மேலும் இருக்கவேண்டியதன் காரணம் சிந்திக்கத் தக்கது. ஈரம் உள்ள அளவும் எப்பொருளும் நீரின் கொதிநிலையாகிய 100 பாகையைக் கடந்து வெகுதூரம் சூடேறாது. நீர் வற்றிய மேற்புறமே அதனைக் கடக்கும். 140 பாகையளவில் புரதமும் சீனியும் தம்முள் விரைந்து வினைபுரிந்து, நூற்றுக்கணக்கான மணப்பொருள்களையும் பொன்னிறத்தையும் பிறப்பிக்கின்றன. இவ்வினையை 1912-ஆம் ஆண்டில் விளக்கியவர் மையார் என்னும் பிரெஞ்சு இரசாயன அறிஞர். தோசையின் முறுகலும், வறுத்த காப்பிக்கொட்டையின் மணமும் இவ்வினையின் பயனே. குக்கிக்குச் சுவை தருவது இப்பொன்னிறம். ஆதலின் அது வெப்பக்காற்றுப் படும்படி மேலே இருத்தல் வேண்டும். பிரௌனிக்குச் சுவை தருவது ஈரம். ஆதலின் அது போர்வையின்கீழ்க் கிடப்பதுபோல் அடியில் அடங்கியிருத்தல் வேண்டும். இங்ஙனம் ஒன்றற்கு வேண்டுவது மற்றொன்றிற்குக் கேடாகாமல் வைப்பதே இவ்வினிப்பின் நுட்பம் முழுவதும்.

சாக்கொலேட்டுத் துண்டுகள் ஏன் பரவி ஓடவில்லை என்றுங் கேட்கலாம். அவற்றிலுள்ள கோக்கோ நெய் நம் உடற்சூட்டிலேயே உருகுவது. ஓவனில் உருகத்தான் செய்கின்றது. ஆயினும் நெய்யினுள் செறிந்த சீனித்துகளும் கோக்கோத் துகளும் கலக்குவார் இன்மையால் நின்ற நிலையிலேயே நிற்கின்றன. சுற்றியுள்ள மாவும் இறுகி அணைகட்டிவிடுகின்றது. ஆறியபின் நெய் மீண்டும் உறைகின்றது.

தட்டை ஓவனின் நடுவில் வைத்து 30 முதல் 35 நிமிஷம் வேகவிடுக. முதல் 25 நிமிஷம் கதவைத் திறவற்க. திறக்குந்தோறும் வெப்பம் வெளியேற, ஓரம் வெந்தும் நடு வேகாமலும் போம். மேற்புறம் பொன்னிறமானபின் நடுவில் ஒரு மெல்லிய குச்சியைச் செருகி எடுக்கவேண்டும். கூழ் ஒட்டினால் இன்னும் வேகவேண்டும்; ஈரமான சில துணுக்குகள் ஒட்டினால் பதம். ஒன்றும் ஒட்டாது வரும்வரை காத்திருப்பின் பிரௌனி வறண்டுவிடும். வெளியே எடுத்தபின்னும் உள்ளிருக்கும் சூட்டினால் அது சிறிது நேரம் வெந்துகொண்டே இருக்கும் என்பதை மறத்தலாகாது. பின்னர் இரண்டு மணி நேரம் ஆறவிட்டு, காகிதத்தோடு தூக்கி, பதினாறு துண்டுகளாக வெட்டுக. இறுக மூடிய டப்பாவில் மூன்று நான்கு நாள் கெடாதிருக்கும். வேகாத மாவைச் சிறுவர் வழித்துண்ண விடலாகாது. பச்சை முட்டையிலும் பச்சை மாவிலும் நோய்க்கிருமிகள் இருத்தல் கூடும்.

நம் நாட்டுத் தொடர்பு

இப்பண்டத்தின் உயிராகிய கோக்கோ நமக்கு முற்றும் அயலானதன்று. அமெரிக்கக் கண்டத்திற்குரிய அம்மரத்திற்கு 1753-ஆம் ஆண்டில் லின்னேயஸ் என்னும் தாவர நூலறிஞர் ‘தேவருணவு’ என்று பொருள்படும் பெயரிட்டார். 1798-ஆம் ஆண்டிலேயே ஆங்கிலக் கம்பெனியார் அதனைக் குற்றாலத்திற் கொண்டுவந்து பயிரிட்டனர். இன்று பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் அது ஊடுபயிராக வளர்க்கப்படுகின்றது.

முடிவுரை

சில கிழமை கழித்து அம்மாணவரை மீண்டும் அழைத்தோம். இம்முறை அத்தையாரை அருகில் நிற்கும்படி யாமே வேண்டிக்கொண்டோம். உருகிய சாக்கொலேட்டின் பாத்திரத்தில் புறங்கையை வைத்துப் பார்த்து, “இன்னும் ஆறட்டும்” என்று இருமுறை தடுத்தார். மூன்றாம் முறை தலையசைத்தார். ஓவனின் முன் ஒரு முக்காலியை இட்டு அமர்ந்து, எம் கையைக் கதவின்பால் விடாமற் காத்தார். தட்டு வெளிவந்தபொழுது மேலே பொன்னிறம். வெட்டியபொழுது இரண்டடுக்கும் கோடு கிழித்தாற்போல் நின்றன.

மாணவருள் ஒருவர் உண்டு மகிழ்ந்து, “பாட்டியம்மாவுக்குக் கைராசி!” என்றார். அவர் புகழ்ந்தே கூறினார். யாமும் ஐம்பதாண்டாக அவ்வாறே கூறிவந்த குடும்பத்தினரே. ஆயினும் வேக்பீல்டு அம்மையாரின் கதை அப்பொழுது எம் நினைவில் எழுந்தது. ஆண்டுக்கணக்காகப் பயின்ற பயிற்சியை ஒரு நாட்டார் தற்செயல் என்றனர், யாம் கைராசி என்றோம், வேற்றுமை என்ன? புறங்கையால் சூடு அறிதலும், மணத்தால் பதம் அறிதலும், பிழைத்ததைக் கண்டு காரணம் கூறுதலும் அறிவேயன்றி வேறல்ல. அதனை அதிர்ஷ்டம் என்றழைத்தால், அவரிடமிருந்து கற்றுக்கொள்ள நமக்கு ஒன்றும் இல்லாததுபோல் ஆகிவிடும். அவரோடு அது மறைந்தும் போகும்.

ஆதலின் அம்மாணவரிடம், “கைராசி அன்று, தம்பி; அவருக்குத் தெரியும்” என்றோம். அத்தையார் ஒன்றும் மறுமொழி கூறவில்லை. மறுநாட்காலை அதிரசத்திற்குப் பாகு காய்ச்சுங்கால் எம்மைக் கூப்பிட்டு, “வந்து பார்த்துக்கொள்” என்றார். குறிப்பேடும் எழுதுகோலும் எடுத்துக்கொண்டு சென்றோம்.